அடியில் கிடக்கும் உப்பு

கண்ணாடித் தொட்டியின் அடியில் சிவப்புச் சாயம் கலந்த உப்புத் தண்ணீர் கிடந்தது. பிரபா ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினாள். அது சிவப்போடு கலக்காமல் மேலேயே பரவி நின்றது.

"இன்னா மேடம், ரோஸ்மில்க்கா?" என்றான் முன்னால் உட்கார்ந்திருந்த ஆனந்தன்.

"குடிச்சுப் பாருண்ணா, தெரியும்."

சவுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்திருந்த விவசாயிகள் சிரித்தார்கள். அவர்களோடு இருந்த ஜெகதாம்பாளும் சிரித்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தக் கடற்கரை ஊருக்கு, தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பயிற்சி கொடுக்க அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள் பிரபா.

"இதுதான் உங்க ஊரு. மேல மழைத்தண்ணி, அடியில கடல்தண்ணி. உப்பு கனம், அதனால அது கீழ. எங்க ஊர்ல பாறைக்குள்ள ஆழமாப் போனாத்தான் தண்ணி. இங்க ஆழமாப் போகப் போக ஆபத்து."

ஒரு ஸ்ட்ராவை மேல்தண்ணீரில் வைத்து மெதுவாக உறிஞ்சினாள். தெளிவாக வந்தது. பிறகு ஸ்ட்ராவைச் சற்று இறக்கி, வேகமாக உறிஞ்சினாள். தட்டையாகக் கிடந்த சிவப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் கரையான் புற்றைப்போல மேலெழுந்தது. மேலே இருக்கும் பாரம் குறைந்தால் கீழே இருப்பது ஏறத்தான் செய்யும். புற்றின் நுனி ஸ்ட்ராவைத் தொட்டதும் சிவப்புக் கோடு அதற்குள் விறுவிறுவென்று ஏறியது.

ஜெகதாம்பாளின் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் குறைகிறது என்று போன வாரம்தான் அவள் புருஷன் கிருபாகரன் போர் வண்டி கொண்டுவந்து வயலின் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழம் இறக்கியிருந்தான். மூன்று நாளாக மோட்டார் நிற்கவே இல்லை. தர்பூசணி காய் பருக்கும் நேரம்.

தோப்புக்குப் பின்னால் போய்ப் போன் செய்தாள். அவன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ், நான் போயி மோட்டார நிறுத்தப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான் தண்ணி தாராளமா வந்துகினு கீது."

"அதான்யா பயமா கீது. அடியில உப்பாம்."

"கிளாஸ்ல படம் காட்டுனா நம்பிடுவியா? ஒரு நாள் காஞ்சா காயி வெம்பிப் பூடும். நிறுத்தாதமே."

அவள் வரப்பில் ஓடினாள். பின்னால் பிரபா உப்பு அளக்கும் மீட்டரோடு வந்தாள். சொட்டுநீர்க் குழாயின் முனையைக் கழற்றி ஜெகதாம்பாள் வாயில் பிடித்தாள். கரித்த மாதிரி இருந்தது. ஆனால் முகத்து வியர்வையும் உதட்டில் இறங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தாள். எது எதன் உப்பு என்று நாக்குக்குப் பிடிபடவில்லை.

பிரபா மீட்டரைத் தண்ணீரில் வைத்தாள். எண்கள் நகர்ந்து நின்றன.

"சொல்லு தங்கச்சி."

"உப்பு ஏறியிருக்குக்கா. இன்னும் செடிய கொல்ற அளவு இல்ல. இதே மாதிரி ஓடுச்சுன்னா வந்துடும்."

"நிறுத்துனா எறங்கிடுமா?"

"எறங்கும். ஏறுன வேகத்துல எறங்காது. நல்ல மழை பெய்யணும்."

மழைக்கு ஐப்பசி வரவேண்டும். இது மாசி. வீட்டுக் கைப்பம்பும் இதே மணலில்தான் தண்ணீர் எடுக்கிறது என்பது அப்போதுதான் ஜெகதாம்பாளுக்கு உறைத்தது. மோட்டார் பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகி அடங்கியது.

இடுப்பில் போன் அடித்தது. கிருபாகரன்தான். எடுக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் மேல்மணல் காய்ந்துவிட்டது. முதலில் ஓர இலைகள் விளிம்பில் சுருண்டன. பிறகு நடுவயலிலும் இலைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய, அதுவரை மறைந்திருந்த காய்கள் பச்சை வயிறுகளோடு வரிசை வரிசையாக வெளியே தெரிந்தன. ஜெகதாம்பாளின் விரல் பச்சைப் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.