மூக்கை அழுத்தினால் பேசும்

திரையில் வரைபடத்தின் இரண்டு கட்டங்களும் ஒரே உயரத்தில் நின்றன. பள்ளி அலுவலக அறையில் பெரிய நாற்காலி எதுவும் காலியில்லை. ஒன்றாம் வகுப்பின் குட்டை நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து மடிக்கணினியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். சாய்த்தால் மட்டும் ஒன்று வளர்ந்துவிடுமா?

என் ஆராய்ச்சி எளிமையானது. மாடியில் இருக்கும் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து கற்றுத்தர டேப்லெட். கீழே இருக்கும் ஒன்றாம் வகுப்புக்கு வழக்கமான அட்டைகள். பருவ முடிவில் யார் நன்றாக வாசிக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். அளந்தேன். எல்லோருமே நன்றாக வாசித்தார்கள். போன வருஷம் அதே அட்டைகளோடு படித்தவர்கள் இதில் பாதிகூட எட்டவில்லை. இந்த வருஷம் அட்டைகளுக்கு என்ன வந்தது?

"ரெண்டும் சமம்னா, நீ இத்தனை நாள் அங்க என்னம்மா பண்ணே?" என்றார் தொலைபேசியில் என் ஆராய்ச்சி கைடு. கோபமே வராத மனிதர். ஆய்வேட்டை ஒப்படைத்தால்தான் முனைவர் பட்டம், பட்டம் வந்தால்தான் கல்லூரி வேலை. அம்மா இப்போதே அக்கம்பக்கத்தில் என்னை டாக்டர் என்று சொல்லித் திரிகிறாள். ஒருவர் முட்டிவலிக்கு மருந்துகூடக் கேட்டுவிட்டார்.

காற்றாட நடக்கலாம் என்று மாடிப்படி இறங்கியபோது, படிக்கட்டுக்கு அடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"மறுபடி முயற்சி செய்!"

என் டேப்லெட்டின் குரல். எல்லாவற்றையும் நானேதான் அலமாரியில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டிருந்தேன். எந்த வாண்டு ஒன்றைச் சுட்டது? மூச்சிரைக்க ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன்.

அங்கே டேப்லெட் எதுவும் இல்லை. மாடி வகுப்புப் பெண் ஒருத்தி, டீச்சரே வாயாடி என்று பேர் வைத்தவள், சுவரில் சாய்ந்து கைகளை மடியில் வைத்து இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே நான் குண்டூசி என்று பேர் வைத்திருந்த கீழ் வகுப்புப் பெண். அவ்வளவு ஒல்லி. முதல் தேர்வில் நான் என்ன கெஞ்சியும் வாய் திறக்காதவள். தரையில் சாக்பீஸால் 'பாடம்' என்று எழுதியிருந்தது.

குண்டூசி வாயாடியின் மூக்கை அழுத்தினாள். "டிங்!" என்று வாயாடி உயிர்பெற்றாள்.

"படம்," என்றாள் குண்டூசி, கேட்டும் கேட்காமலும்.

"டொய்ங்! மறுபடி முயற்சி செய்!" என்றது இயந்திரம். அடுத்த நொடி குரலை மாற்றிக்கொண்டு, "ஏய், பக்கத்துல ஒரு கால் நிக்குது பாருடி. நீ பாட்டுக்கு ஒடிச்சுப் போட்டுட்டுப் போற!"

குண்டூசி தரையை உற்றுப் பார்த்தாள். "பா… பாடம்."

"சபாஷ்! உனக்கு ஒரு நட்சத்திரம்!" புறங்கையில் சாக்பீஸ் நட்சத்திரம் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களின் கைகளிலும் நட்சத்திரங்கள். அடுத்தவன் மூக்கைத் தொட வருவதற்குள் வாயாடி தலையைத் தொங்கப்போட்டாள்.

"சார்ஜ் போயிடுச்சு மிஸ்," என்று எனக்கு விளக்கிவிட்டு, அவன் அவள் வாயில் ஒரு பிஸ்கட்டைச் செருகினான்.

"எப்பலேர்ந்து நடக்குது இது?"

"டேப்லெட் வந்ததுலேர்ந்து," என்றாள் வாயாடி மென்றபடி. "கீழ் கிளாஸுக்கு நீங்க தரவே இல்லையே மிஸ். பாவம்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் பிரித்துவைத்த இரண்டு வகுப்புகளை, நான் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இடைவேளைகளில் இதுகள் ஒன்றாக்கியிருந்தன.

தொலைபேசியில் நான் சொன்னதையெல்லாம் கைடு பொறுமையாகக் கேட்டார். "அந்த விளையாட்ட நிறுத்தச் சொல்லு. அடுத்த பருவம் மறுபடி அளந்துடலாம்."

மறுநாள் இடைவேளையில், நிறுத்தச் சொல்வதற்கான வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கியபடி இறங்கினேன். சுவரில் சாய்ந்திருந்தது வாயாடி இல்லை. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். அந்த இடத்தில் குண்டூசி உட்கார்ந்திருந்தாள். ஒருவன் மூக்கை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

"புதுசுடா. ஆன் ஆக நேரமாகும்," என்று கரகரத்தாள் வாயாடி.

எல்லோரும் காத்திருந்தார்கள். நானும்தான்.

"டிங்," என்றாள் குண்டூசி.

பையன் தரையிலிருந்த 'பல்' என்பதை, "பள்," என்று வாசித்தான்.

"டொய்ங். நாக்க ரொம்ப மடிச்சிட்ட. நுனிய பல்லுகிட்ட வை. பல்லுதானே அது?"

வரிசை கொல்லென்று சிரித்தது. அடுக்கிவைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே ஓரமாக நின்று கைடை அழைத்தேன்.

"நிறுத்த முடியாது சார். இன்னிக்கு டேப்லெட்டே புதுசு, வாயே திறக்காத அந்தப் பொண்ணு."

"அப்போ பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்மா."

"தெரியும் சார். கேள்விய மாத்திக்கறேன். டேப்லெட் கிடைச்ச பிள்ளைங்க, கிடைக்காத பிள்ளைங்களுக்கு என்ன பண்றாங்கன்னு பாக்கறேன்."

மறுமுனையில் கைடு தொண்டையைச் செருமினார். "அந்தப் புதுசுக்கு சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குதுன்னும் பாத்து வை."

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். அதை யோசிப்பதற்குள் மணி அடித்தது. பிள்ளைகள் விழுந்தடித்து ஓடினார்கள். குண்டூசியை ஆஃப் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. சாக்பீஸ் பொடி அப்பிய மூக்கோடு, இமைக்காமல், முதுகை நிமிர்த்தி அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், தரையில் மிச்சமிருந்த சொற்களின் மேல் உதடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்க.