மேடம் ஹேங் ஆன கதை

அந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்கள் நாற்பது. உயிரோடு இருந்தவை எட்டு. அந்த எட்டுக்கும் கரண்ட் வர வேண்டும். கரண்டோ கோபக்கார மாப்பிள்ளை மாதிரி, எப்போது வரும், எப்போது முறுக்கிக்கொண்டு கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் அங்கே பாடம் நடத்தும் மேடம் தானே கம்ப்யூட்டராகிவிட்டார். கரும்பலகையின் இடப்பக்கம் மாணவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். மேடம் அதை வரிவரியாகப் படித்து, சொன்னதை மட்டும் செய்து, விடையை வலப்பக்கம் எழுதுவார். தப்பு இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். மேலே போகவே வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மேடம் ஹேங் ஆயிட்டாங்க என்று வகுப்பே சிரிக்கும். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மற்ற ஆசிரியர்கள் கிண்டலடித்தார்கள். மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வாசல் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. வேறு தேதி பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பையைத் தூக்கினார். வேறு தேதி என்றால் அடுத்த பருவம்தான். பாதிப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருந்தது. தேர்ச்சி பெறாமல் போய் நின்றால் அதெல்லாம் கைநழுவிவிடும். தேர்வைப் பலகையிலேயே நடத்தலாம், கம்ப்யூட்டராக நான் நிற்கிறேன் என்றார் மேடம்.

"உங்க பசங்க. நீங்க எப்படியும் காப்பாத்திடுவீங்க," என்றார் தேர்வாளர்.

"அப்ப நீங்களே கம்ப்யூட்டரா இருங்க சார்."

மனிதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பையை வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார்.

முதலில் வந்தவன் அவசரத்துக்குப் பேர்போன 'புயல்'. ஒன்றிலிருந்து பத்து வரை எழுத வைக்கும் புரோகிராம். ஒவ்வொரு தடவையும் எண்ணோடு ஒன்றைக் கூட்டச் சொல்லும் வரியை விட்டுவிட்டான். தேர்வாளர் சொன்னதை மட்டும் செய்தார்: ஒன்று, ஒன்று, ஒன்று. பலகை நிறைந்தது, சாக்பீஸ் தூளில் அவர் சட்டை வெளுத்தது. ஆள் விடாக்கண்டன், பலகை தீர்ந்ததும் சுவரில் தொடர்ந்தார். மேடத்துக்கு விடை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நிறுத்துங்க. ஒன்னைக் கூட்டச் சொல்ல மறந்துட்டேன்," என்றான் புயல்.

தேர்வாளர் மணிக்கட்டை உதறினார். "நிஜக் கம்ப்யூட்டருக்குக் கை வலிக்காதுப்பா. திருத்து."

திருத்தினான். எண்கள் பத்தில் வந்து நின்றன.

மதியம் மின்வாரியத்தார் பக்கத்து லைனிலிருந்து இழுத்ததில் கரண்ட் வந்தது. எட்டுத் திரைகளும் விழித்துக்கொண்டு, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரே குரலில் சொல்லின. தேர்வாளர் திரும்பிப் பார்த்தார், புதுச் சாக்பீஸ் கேட்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்ததும் சட்டையைத் தட்டியபடி மேடத்திடம் வந்தார்.

"எல்லாரும் பாஸ் மேடம். எங்க காலேஜ்லயும் கரண்ட் இந்த லட்சணம்தான். நாளையிலேர்ந்து அங்க நான்தான் கம்ப்யூட்டர்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மேடம் ஹேங் ஆயிட்டாங்க என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள். அவர் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.