பயப்படாதீங்க, நான்தான்

அந்தச் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கக் கஸ்பருக்கு மூன்று சனிக்கிழமைகள் தேவைப்பட்டன.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவன் மருந்தகத்துக்குப் பொறுப்பானவன். மக்களின் வாயில் அவன் டாக்டரய்யா. மருந்தகம் மேற்பிரிவில் இருந்தது; கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களோ ஆறு கிலோமீற்றருக்கு அப்பால். வாகனப் பாதை மலையைச் சுற்றி வளைத்துச் செல்லும். ஒற்றையடிப் பாதை மட்டும் கொழுந்து பறிக்கும் மலைகளின் ஊடே நேராக இறங்கும். அதில் மோட்டார் சைக்கிள் போகாது. சாதாரணச் சைக்கிளில் இறங்கினால் கற்களும் படிகளும் முதுகெலும்பைப் பதம் பார்த்துவிடும். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் மலைச் சைக்கிள்தான் அதற்குச் சரி.

"அவசரம்னு கூப்பிட்டா கால் மணியில போய்ச் சேந்துடலாம்" என்று மனைவி மெரினாவிடம் சொன்னான்.

"அவசரம் வாரத்துக்கு ஒண்ணு வருமா? நீங்க ஃபோன்ல அந்த வெள்ளக்காரப் பயலுக மலையிலேருந்து குதிக்கிறத ஒரு நாளைக்கு எத்தன தரம் பாக்குறீங்க?" என்றாள் அவள்.

அவன் சிரித்து மழுப்பினான். அவன் சொன்னது பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று.

நுவரெலியாக் கடையில் அவனுடைய உயரத்துக்குப் பொருந்திய சைக்கிள் ஒன்றே இருந்தது. சாம்பல் பச்சை நிறம். ஆனால், பின்சக்கரத்தில் இரு வகை இருந்தன. கடைக்காரர் முதலாவதைத் தூக்கிச் சுழற்றினார். அது ஓசையின்றிச் சுழன்று நின்றது. இரண்டாவதைச் சுழற்றியபோது அச்சிலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. மிதிப்பதை நிறுத்திச் சறுக்கி வரும்போதெல்லாம் அந்த ஓசை வரும் என்றும், வேகம் கூடக் கூட ஒரே ரீங்காரமாகிவிடும் என்றும் அவர் விளக்கினார்.

"உறுதியில ரெண்டும் ஒண்ணு. இது சத்தம் போடும், அது போடாது. உங்க விருப்பம்."

கஸ்பர் இரண்டாவதைத் தானே ஒருமுறை சுழற்றிப் பார்த்தான். உள்ளங்கையில் ஒரு கூச்சம் பரவியது. அதையே பூட்டச் சொன்னான்.

முதல் மாதம் சைக்கிளைப் பழகுவதிலேயே கழிந்தது. பின் அதிர்வுதாங்கியின் தண்டில் சிறு ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. ஏறி அமர்ந்தால் தண்டு எவ்வளவு அமிழ்கிறது என்பதை அது காட்டும். நாலில் ஒரு பங்கு அமிழவேண்டும் என்பது கணக்கு. அவன் தன் உடல் எடைக்குக் காற்றடித்து வைத்தான். முதுகில் மருந்துப் பையைச் சுமந்தபோது தண்டு முழுதும் அமிழ்ந்து படிக்குப் படி அடியில் மோதியது. பையோடு ஏறி அமர்ந்து மறுபடி அளந்து, இன்னுங் கொஞ்சம் காற்றடித்தபின் அது அவனுடையதாயிற்று. ஆசனத்தைத் தாழ்த்திக்கொள்ளவும், உடலைப் பின்னுக்குச் சாய்க்கவும், இரு விரல்களால் மட்டும் பிரேக்கைத் தொடவும் கற்றுக்கொண்டான். கற்களெல்லாம் பஞ்சாகிவிட்டாற்போல் இருந்தது. கீழ்ப்பிரிவில் பார்க்க நோயாளி ஒருவரும் இல்லாத நாள்களிலும் அவன் போய் வரத் தொடங்கினான்.

இரண்டாம் மாதத்தில், பன்னிரண்டாம் நம்பர் மலையினூடே அவன் முதன்முதலாக முழு வேகத்தில் சறுக்கி வந்தான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பதினைந்து பேரும் ஒரே கணத்தில் கூடைகளைக் கழற்றி எறிந்தனர். இடுப்பிற் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, செடிகளுக்கிடையே குப்புறப் படுத்துவிட்டனர். குளவி கலைந்தால் செய்யவேண்டியது அது. ஓடினால் குளவி துரத்தும்; அசையாமற் கிடந்தால் கடந்து போகும். அதைச் சிறுவயது முதல் எல்லாரும் அறிவர். லயத்தில் பிறந்த கஸ்பரும் அறிவான்.

அவன் சைக்கிளை நிறுத்தினான். இரைச்சலும் நின்றது. ஒரு படங்கு மெல்ல உயர்ந்து, அதற்குள்ளிருந்து அழகம்மாவின் முகம் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்த மலையில் அவளுக்கு முன்னே நிரையைப் பறித்து முடிப்பவர் இல்லை.

"யாரு, டாக்டரய்யாவா? நான் சாமியெல்லாம் கும்புட்டு முடிச்சிட்டேன்."

"அடுத்த ஊசி போடுறப்ப இந்தச் சைக்கிளுக்கும் சேத்துப் போட்டுவிடுங்கய்யா, கத்தாம இருக்கும்" என்றாள் ஒருத்தி. மலை முழுவதும் சிரிப்பு எழுந்தது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி கணேசமூர்த்தியும் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடியே சிரித்தார். கஸ்பர் எல்லாரினும் அதிகமாகச் சிரித்தான். பிறகு சொன்னான்:

"இனிமே இந்தச் சத்தம் கேட்டா பயப்படாதீங்க, நான்தான்."

பின்னர் எத்தனையோ நாள் அந்த வாக்கியத்தை அவன் தன் மனத்துள் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியிருந்தது.

பெண்கள் பழகிக்கொண்டனர். இரைச்சல் கேட்டால் குனிந்த தலையை நிமிர்த்தாமலே "ஐயா வாறாரு" என்பர். சிலர் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவர். அது கஸ்பருக்கு எல்லையற்ற இன்பத்தை அளித்தது.

மார்ச் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை பத்து மணியளவில், கொழுந்து லொறி மருந்தக வாசலில் வந்து நின்றது. ஒன்பது பெண்களை இறக்கினார்கள். கடைசியாக அழகம்மாவை இருவர் தூக்கி வந்தனர். அவளுடைய உதடுகள் வீங்கித் திரும்பியிருந்தன, கண்கள் மூடிப்போயிருந்தன, மூச்சு சீழ்க்கையடித்தது. கஸ்பர் அவளுக்கு முதலில் ஊசி போட்டான். ஏழு நிமிடத்தில் மூச்சுச் சிறிது இளகியது. இரண்டாவது ஊசியையும் போட்டு, அதே லொறியில் அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினான்.

பிறகே மற்றவர்களிடம் வந்தான். கழுத்தில் நான்கு கொட்டுகளோடு பிரேமினி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். திருமணமாகி வந்து ஒரு வருடமே ஆனவள்.

"ஏம்மா, சத்தம் கேக்கலையா? படுத்திருக்கலாமே?"

"கேட்டுச்சுங்கய்யா. நல்லாத்தான் கேட்டுச்சு." அவள் கழுத்தை அவன் பக்கம் சாய்த்தாள். "நீங்கதான் வாறீங்கன்னு நெனச்சோம். அழகம்மாக்கா கையக்கூடக் காட்டுனாங்க."

கஸ்பர் பஞ்சைக் கீழே வைத்தான். திறந்திருந்த கதவின் வழியே, காலையிலிருந்து ஓரங்குலமும் நகராமல் சுவரிற் சாய்ந்து நின்ற சைக்கிள் தெரிந்தது.

விபத்து அறிக்கையின் மருத்துவப் பகுதியை எழுதவேண்டியவன் அவனே. பிற்பகலில் படிவத்தை எடுத்து வைத்திருந்தபோது கணேசமூர்த்தி வந்தார். வலக்கையில் மூன்று கொட்டுகள் வீங்கியிருந்தன. மருந்து பூசி முடிந்ததும் சொன்னார்:

"ஆபீஸ்ல கேக்குறாங்கய்யா, ஏன் நீ கத்தலைன்னு. குளவின்னா மொதல்ல கத்த வேண்டியது கங்காணிதானே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? டாக்டரய்யா வாறாரு, வேலையப் பாருங்கன்னேன்."

"அத ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லல. நீங்களும் எழுதாதீங்க, உங்கள அனுப்பிருவாங்க. போன டாக்டரு போனப்ப அடுத்த ஆள் வர ஒண்ணேகால் வருசம் ஆச்சு. அந்த ஒண்ணேகால் வருசத்துல யார் யாரு செத்துப்போனாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு என்ன செஞ்சிரப் போறாங்க? ஒரு கங்காணி போனா இன்னொரு கங்காணி."

நல்ல மனிதர் ஒருவர் தமது முழு மனத்தோடு கொடுத்த காரணம் அது. கஸ்பர் அதை ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்ட வேகமே பின்னாளில் அவனுக்கு அருவருப்பைத் தந்தது. 'குளவிக் கொட்டு. முன்னெச்சரிக்கை கொடுக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டான். அதில் ஒரு சொல்லும் பொய்யன்று.

வெள்ளிக்கிழமை காலை, ஆள்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அத்தனை பேருக்கும் முன்னால், கணேசமூர்த்தியின் கையிலிருந்த பிரம்பை வாங்கிக்கொண்டு செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். பதினோரு வருடம் ஆள்களைப் பிரித்து அனுப்பியவர் வரிசையின் கடைசியிற் போய் நின்றார். மருந்தகச் சன்னல் பெரட்டுக்களத்தைப் பார்த்தே இருந்தது. கஸ்பர் சன்னலை மூடினான்.

அன்று அவன் சைக்கிளைத் தொடவில்லை. மெரினாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஆறுதல் கூறுவாள் என்று எதிர்பார்த்தான் போலும்.

"குளவிய நீங்க கலைக்கலியே" என்றாள் அவள். அவன் நிமிர்ந்தான். "ஆனா கையெழுத்து உங்களோடதுதானே" என்று சொல்லிவிட்டு விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் வைத்தியசாலைக்குச் சென்றான். அழகம்மாவின் ஒரு கண் திறந்திருந்தது. அவன் தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலருகே நின்றான்.

"உக்காருங்க. ஒத்தக் கண்ணுல பாத்தா நீங்க ஒல்லியாத் தெரியிறீங்க" என்றாள் அவள். "கங்காணியக் கவ்வாத்துக்கு விட்டுட்டாங்களாமே?"

"ஆமாக்கா."

"அந்தாளு கத்தலைன்னு சொல்லியா?"

"அக்கா, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பயப்படாதீங்கன்னு."

அழகம்மா கூரையைப் பார்த்தாள். "எங்கம்மா சொன்னதயும் மீறித்தான் நிமிராம பறிச்சேன். எந்தச் சத்தம்னாலும் படுத்துக்கோ, அப்புறமா என்னன்னு பாத்துக்கலாம்னு அது சொல்லும். படிச்ச ஐயா நீங்க சொன்னீங்க. அம்மா சொன்னத விட்டுட்டேன்." ஒற்றைக் கண்ணை அவன் பக்கம் திருப்பினாள். "உங்கமேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்ல வரல. இருக்கு. அது என்பாட்டுக்கு இருக்கட்டும். மொதல்ல அந்தாளோட பிரம்ப வாங்கிக் குடுங்க."

அங்கிருந்து அவன் நேரே தோட்டத்து அலுவலகத்துக்குப் போனான். தான் கொடுத்த அறிக்கையோடு சேர்க்குமாறு இன்னொரு தாள் எழுதினான். தொழிலாளரின் பாதையில் அனுமதியின்றிச் சைக்கிள் ஓட்டியதையும், அதன் இரைச்சல் குளவியின் இரைச்சலை ஒத்திருந்ததையும், அதற்கு அஞ்ச வேண்டாம் என்று தானே அவர்களைப் பழக்கியதையும், கங்காணி ஏமாந்தது அதனாலேயே என்பதையும் வரிசையாக எழுதினான். தோட்ட நிருவாகியான பெரிய துரை இருமுறை வாசித்தார். சிங்களத்தில் ஒரே கேள்வி கேட்டார்: இதை ஏன் புதன்கிழமையே எழுதவில்லை?

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கொழுந்து மலைகளில் சைக்கிள் ஓட்டத் தடை வந்தது. இடமாற்றம் பற்றி மேலிடம் தீர்மானிக்கும் என்றார்கள். அது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. பத்து நாள் கழித்துக் கணேசமூர்த்தியிடம் பிரம்பு திரும்ப வந்தது. அதன்பின் இரண்டு மாதம் அவர் கஸ்பரோடு பேசவில்லை. காப்பாற்ற நினைத்ததைக் கெடுத்துவிட்டானே என்ற கோபமா, புதன்கிழமையே எழுதவில்லையே என்ற கோபமா என்று கஸ்பர் கேட்டறியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சைத் திறந்து, பற்களுக்கிடையே கெட்டியான கிறீசை அப்பி மூடினான். சுழற்றிப் பார்த்தான். ஓசை இல்லை.

ஜூன் மாதத்தில் கீழ்ப்பிரிவுக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் என்று அழைத்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் மலையில் ஒற்றையடிப் பாதை வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அழகம்மா அதே நிரையில், முன்பினும் மெதுவாகப் பறித்துக்கொண்டிருந்தாள். அவன் வருவதைக் கண்டும் பறிப்பதை நிறுத்தவில்லை.

அப்போது எங்கோ மேலே ஓர் இரைச்சல் எழுந்தது.

ஒருத்தி நிமிர்ந்தாள். இன்னொருத்தி, பழைய பழக்கத்தில், கையை உயர்த்தப் போனாள்.

"ஐயா இங்க நிக்கிறாரு" என்றாள் அழகம்மா. "படுங்கடி."

"படு, படு" என்று கணேசமூர்த்தியின் குரல் மலை முழுவதும் ஒலித்தது. கூடைகள் விழுந்தன. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கஸ்பரும் செடிகளுக்கிடையே குப்புற விழுந்தான். போர்த்திக்கொள்ள அவனிடம் எதுவும் இல்லை. அருகிலிருந்து ஒரு கை நீண்டு, ஈரமான படங்கின் ஓரத்தை அவன் தலைமேல் இழுத்துவிட்டது.

"அசையாதீங்க" என்றாள் அழகம்மா.

இரைச்சல் நெருங்கி வந்தது. அது குளவியா, வேறேதுமா என்று பார்க்க ஒருவரும் தலை உயர்த்தவில்லை. கஸ்பர் மண்ணில் கன்னத்தை அழுத்தியபடி, மூச்சை அடக்கிக் கிடந்தான்.