அடங்கவில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் 'பாவம், சின்னப் பொண்ணு, தெரியாமல் செய்துவிட்டாள்' என்று எனக்காகப் பரிந்துகொண்டு வரக்கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

போன வருஷம் நைனார்பாளையம் பள்ளியில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான்தான் லீடர். பேர் அபிநயா. டீச்சர் இல்லாத நேரத்தில் சாக்பீஸோடு கரும்பலகை ஓரம் நின்று, 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பேர் எழுதுவது என் வேலை. ஒரு தடவை பேசினால் பேர். மறுபடி பேசினால் பக்கத்தில் 'மி.', அதாவது மிக அதிகம். அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டால் எங்கள் விஜயலட்சுமி மிஸ் விசாரணையெல்லாம் வைக்க மாட்டார். லீடர் எழுதினால் எழுதினதுதான்.

ஆண்டு விழாவுக்காக வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எங்களுக்கு இத்தாலி வந்தது. அப்புறம் ஒரு மாதம் கேட்க வேண்டுமா? ஹெட்மாஸ்டரைக் கண்டால் வணக்கத்துக்குப் பதில் "புவோன்ஜோர்னோ சார்!" முதல் நாள் முறைத்தார், மூன்றாம் நாள் அவரே திருப்பிச் சொன்னார். "ஸ்பகெட்டின்னா இன்னாடா பெரிசா? நம்ம சேமியாவுக்குப் பெரியப்பா புள்ள" என்றான் அஜித்குமார். கொடியில் பச்சை, வெள்ளை, சிவப்பு இருக்க, ஃபுட்பால் சட்டை மட்டும் ஏன் நீலம் என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. பழைய ராஜ குடும்பத்தின் நிறம் அது என்று மிஸ் தேடிப் படித்துச் சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. நானோ இத்தாலியைச் சுற்றியுள்ள கடல்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அட்ரியாடிக், அயோனியன், டைரீனியன், லிகூரியன். என்னைவிட இத்தாலி தெரிந்தவள் ஊரிலேயே கிடையாது என்று நினைப்பு.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவள் செவ்வந்தி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். இங்கே விடுதியில் தங்கிப் படித்தாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ஆனால் அவள் கோல் போஸ்டில் நின்றால் பந்து உள்ளே போகாது. பி.டி. சார் தைரியநாதன் அவளை நம்பித்தான் பெண்கள் டீமே ஆரம்பித்தார். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு மேட்ச். விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு கோச் வருவதாக இருந்தது. செவ்வந்தி தேர்வானால் பன்னிரண்டாவது வரை படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஆகாவிட்டால் அவள் அப்பா அவளைக் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குக் கூட்டிப் போய்விடுவார்.

"சனிக்கெழம வரைக்கும்தான் அப்பா டைம் குடுத்துருக்காரு" என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சாதிக்கவே முடியாது.

அந்த வாரம் திங்கட்கிழமை மிஸ் வரைபடத்தை மாட்டி, இத்தாலியின் வடக்கே நெல் எப்படி விளைகிறது என்று கேட்டார். நான் எழுந்து நான்கு கடலையும் ஒப்பித்தேன். "கேட்டது அது இல்ல, உக்காரு" என்றார். அப்போது செவ்வந்தி எழுந்தாள்.

"மேல ஆல்ப்ஸ் மல இருக்குது மிஸ். அங்க பேயற மழயும் பனியும் ஆறா எறங்கி வருது. நம்ம கோமுகி மாரியே. தண்ணி எங்க மலயிலேர்ந்து வருது, நெல்லு ஒங்க ஊர்ல வெளையுது."

மிஸ் கைதட்டிவிட்டார். "இதுதாண்டி புவியியல்! ஆண்டு விழாவுல வரைபடத்த நீதான் விளக்கணும்." அது எனக்கென்று ஏற்கெனவே முடிவான வேலை. போதாததற்கு அஜித்குமார் அவளை இத்தாலிய மொழியில் "கபிதானோ! கபிதானோ!" என்று கூப்பிட, வகுப்பே கூடச் சேர்ந்து கத்தியது. கேப்டனாம்! என் வயிறு பற்றி எரிந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் மிஸ்ஸை ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன். ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேரையும் எழுதினேன். செவ்வந்தி மூன்றாவது பெஞ்சில் குனிந்து நோட்டைப் பார்த்து இத்தாலிய எண்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தம் ஒரு துளி வெளியே வரவில்லை. ஏழாவதாக அவள் பேரை எழுதினேன். பக்கத்தில் ஒரு 'மி.', இன்னொரு 'மி.', அப்புறம் 'அடங்கவில்லை'. சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது "இன்னா மொறைக்கிற?" என்று வேறு கேட்டேன்.

மிஸ் உள்ளே வந்தபோதே முகம் சரியில்லை. பலகையைப் படித்தார்.

"செவ்வந்தி, எழுந்திரு. ரெண்டு பேரு கை தட்டினதும் தல கனத்துடுச்சா?"

"நான் பேசல மிஸ்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "பேசினாளா?"

"ஆமா மிஸ். ரொம்ப ஜாஸ்தி."

அஜித்குமார் பாதி எழுந்து, "இல்ல மிஸ், அவ..." என்றான். "ஒன் பேரும் இருக்குதுல்ல? உக்காரு" என்று மிஸ் அதட்டினார். மற்றவர்கள் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கும் சாக்பீஸ் என் கையில்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அடங்காதவங்களுக்கு மேட்ச் கெடையாது. சனிக்கெழம நீ விடுதியிலயே இரு."

சத்தியமாக இவ்வளவை நான் எதிர்பார்க்கவில்லை. நாலு திட்டு வாங்கட்டும், வரைபடத்தை என்னிடமே கொடுத்துவிடட்டும், அவ்வளவுதான் என் கணக்கு. பி.டி. சார் வந்து கெஞ்சிப் பார்த்தார். "ஆடத் தெரிஞ்சா போதுமா சார், ஒழுங்கு வேணாமா?" என்று மிஸ் அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு தடவை ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். முதல் தடவை வாசலோடு திரும்பினேன். இரண்டாம் தடவை மிஸ்ஸே என்னைப் பார்த்து, "இன்னா அபி?" என்று அன்பாகக் கேட்டார்.

"சாக்பீஸ் தீந்துட்ச்சி மிஸ்" என்றேன். ஒரு பெட்டியையே எடுத்துக் கொடுத்தார். த்தூ, என்ன பிறவி நான்!

சனிக்கிழமை நீலச் சட்டை போட்ட பெண்களோடு வேன் கிளம்பியது. நான் கொடி பிடிக்கிறவள். விடுதி வாசலில் வேன் நின்றபோது செவ்வந்தி வந்து, தன் கையுறைகளைச் செலினாவிடம் நீட்டினாள். செலினா அதுவரை கோல் போஸ்டில் நின்றதே இல்லை. "பந்தப் பாக்காத, ஒதைக்கிறவ காலப் பாரு" என்று அவளுக்குச் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறு கோல் வாங்கினோம். மேட்ச் முடிந்ததும் கோச் பி.டி. சாரிடம் வந்தார்.

"நீங்க சொன்ன மலப் பொண்ணு எங்க சார்?"

"வரலீங்க. கிளாஸ்ல கொஞ்சம்... ஒழுங்குப் பிரச்சன."

"அப்பிடியாப்பட்ட புள்ளய வச்சிக்கினு நான் கஷ்டப்பட முடியாது சார்." நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

இரண்டடி தள்ளிக் கொடியோடு நின்றேன். 'நான் எழுதினது பொய்ங்க.' மூன்றே வார்த்தைதான். நான்கு கடலை ஒப்பித்த வாய்க்கு அது வரவில்லை. கோச் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டி?"

"பொறாம மிஸ்."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பொண்ணு பேசலன்னு சொன்னாளே. நான் காதுலயே வாங்கலியே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பி.டி. சார் கோச்சுக்குப் போன் போட்டார். பட்டியல் போய்விட்டதாம், இனி அடுத்த வருஷம்தானாம். விடுதியில் கேட்டால், ஞாயிற்றுக்கிழமையே அவள் அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப் போய்விட்டார்.

மிஸ் என் அம்மாவிடம் போனில் அனுமதி கேட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், அப்புறம் மலை. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். மிஸ் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவள் அப்பாவின் காலில் விழுந்து சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் குடகுக்கு வேன் வருகிறதாம். செவ்வந்தியின் அப்பா பச்சமுத்து எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையும் கூப்பினார்.

"டீச்சரம்மா, இம்மாந்தூரம் வந்துட்டீங்களே! தப்புதாங்க. கேட்டேன், 'ஆமாப்பா, நான்தான் பேசினேன்'னு ஒத்துக்கிச்சி. மனசுல வச்சிக்காதீங்க. இருங்க, தண்ணி எடுத்தாரேன்."

அவர் உள்ளே போனதும் செவ்வந்தி வேகமாக எங்கள் அருகே வந்தாள்.

"மிஸ், நான் பேசலன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏம்மா? இவ எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா."

"எனக்குத் தெரியும் மிஸ். எல்லாருக்கும் தெரியும். பேசாத புள்ளய தண்டிச்சாங்கன்னு தெரிஞ்சா அப்பா அப்புறம் கீழ இருக்கிற எந்த ஸ்கூலயும் நம்ப மாட்டாரு. ஜூன்ல தங்கச்சி ஆறாவது சேரணும். அவளயும் இட்டுகினு பூடுவாரு."

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சமுத்து சொம்போடு வெளியே வந்தார். பரீட்சை வரைக்குமாவது பிள்ளையை விட்டுவைக்கும்படி மிஸ் கேட்டுப் பார்த்தார்.

"ஆட்டத்துல எடுத்துக்குவாங்கன்னுதாங்க இம்மாம் நாளு வுட்டேன். அதுவும் இல்லன்னு ஆச்சி. சின்னவளாச்சும் அடக்க ஒடுக்கமா படிக்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் லீடர் பொண்ணா கண்ணு? பேசாதடின்னு நீயாச்சும் இவளுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற செவ்வந்தி என்னையே பார்த்தாள்.

"சொன்னேங்க" என்றேன். "அவதான் கேக்கல."

"பாரு, எவ்ளோ நல்ல பொண்ணு!" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவர் என் தலையில் கை வைத்தார்.