திட்டத்தோடு வந்தவன்

அரசுத் துறை ஓர் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கினால், கருவிகளோடு திட்ட உதவியாளரையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிடும். திட்டம் இருக்கும்வரை அவர் இருப்பார். இறுதி அறிக்கை போய்ச் சேர்ந்த அன்று இல்லாமல் போவார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கடலோரப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பேராசிரியை குமுதவல்லிக்கு வந்த பெட்டியில், நுண்ணோக்கிக்கும் தராசுக்கும் நடுவே, வைக்கோல் சுற்றித் தணிகாசலம் இருந்தான். உப்பேறிய வயலில் விளையும் நெல்லைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வேலை. வந்த அன்றே பல்கலைக்கழகம் வழக்கப்படி தன் பங்கை எடுத்துக்கொண்டது. அவனிடமிருந்து எடுத்தது உறக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவாளர் அதைத்தான் பயன்படுத்தினார். மனிதர் நாளுக்கு நாள் பொலிவாகிக்கொண்டே போனார்.

கெடு முடிந்ததும் குமுதவல்லி நீட்டிப்பு கேட்டாள். துறை தாராளமாகக் கொடுத்தது, நிதி மட்டும் இல்லை. பயணச் செலவுக்கு ஒதுக்கியது தீர்ந்திருந்ததால் தணிகாசலத்தால் ஆய்வகத்தின் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. சில்லறைச் செலவுக்கானதும் தீர்ந்தபோது அவன் சிரிப்பு நின்றது. ஜன்னலோரத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். உப்புநீரில் பயிர் கதிர் விட்டு நின்றது. விடை கிடைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடல்நீர் புகுந்த ஊரிலிருந்து விவசாயி சிங்காரவேலு நடையாய் நடந்தார்.

"இந்தப் பட்டத்துக்காச்சும் வெத கெடைக்குமாம்மா? நெலம் சும்மா கெடக்கு."

"ஆராய்ச்சி இன்னும் முடியலைங்க ஐயா," என்றாள் குமுதவல்லி.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை மாதிரி ஆகிவிட்டவனை ஓர் அறிக்கையைக் கொடுத்து இல்லாமல் ஆக்கவும் மனசு கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தணிகாசலமே வாய் திறந்தான்.

"அறிக்கையக் குடுத்துருங்க மேடம். பாவம், அவரு எத்தன தடவ வருவாரு?"

"குடுத்தா நீ இருக்க மாட்டியேடா."

"தெரியும் மேடம்."

குமுதவல்லி தலைமைச் செயலகத்துக்குப் போனாள். பிரிவு அலுவலர் விதிகளைப் புரட்டினார். திட்டத் தலைவரான அவள் நிலைத்திருப்பவள், முடிந்துபோவது உதவியாளர் மட்டும்தான் என்றார்.

"தலைவர மாத்தலாமா சார்?"

"தாராளமா மாத்தலாம் மேடம். ரெண்டாம் கட்டத்துக்கும் ஒப்புதல் வாங்கிரலாம். உதவியாளர் எடம் மட்டும் காலியா இருக்கக் கூடாது."

அவள் அங்கேயே இரண்டு இடத்துக்கும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பையிலிருந்து அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சிங்காரவேலு விதை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் துறையின் பெட்டி வந்தது. திட்டத் தலைவர் தணிகாசலம் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வைக்கோலுக்குள்ளிருந்து குமுதவல்லி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"வாங்க," என்றார் அவர். சிரிக்கத்தான் நினைத்தார். முடியாமல், கை நீட்டி அவளைப் பெட்டியிலிருந்து இறக்கினார்.

பதிவாளர் அலுவலக ஊழியர் பக்கத்திலேயே காத்திருந்தார். குமுதவல்லி தன் உறக்கத்தை எடுத்து, நான்காக மடித்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"போன தடவ வந்ததவிட இது கனமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அணைத்து எடுத்துக்கொண்டு போனார்.