அருவிக்கு ஆறு ரூபாய்

1

ஓர் அருவியின் ஓராண்டுக் குத்தகை பன்னிரண்டரை ரூபாய். ஜவ்வாது மலையில், 1961ஆம் வருஷத்து ஆனி மாதத்தில், சொன்ன விலை இது. கேட்ட விலை ஆறு.

விலையை முதலிலேயே சொல்லிவிட்டேன். மண்டித் தெருவில் வளர்ந்தவன் நான். விலையை மடியில் வைத்துக்கொண்டு சரக்கை மட்டும் ஆட்டிக் காட்டுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. கதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ரகம்.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கும் இல்லை. வாணியம்பாடியில் வாடகை ஜீப் ஓட்டிய குப்பனிடம் வாங்கியது. இரண்டு தோசை, ஒரு டீ. குப்பன் முன்சீட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே தொங்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்த கதை. கண்ணாடியில் விழாதது குப்பனுக்குத் தெரியாது. குப்பனுக்குத் தெரியாத இடங்களில் நான் என் கைச்சரக்கைக் கலந்திருக்கிறேன். எங்கெங்கே என்று கேட்டால் மறைக்காமல் சொல்வேன்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

‘இளங்கதிரவன் தன் பொற்கரங்களால் மலைமகளின் பச்சைப் பட்டாடையை...’

அதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பட்டாடையை எனக்கு முன்னால் ஆயிரம் பேர் உடுத்திக் கிழித்தாகிவிட்டது. அடுத்து:

‘வட ஆற்காடு ஜில்லாவில் அமைந்துள்ள ஜவ்வாது மலையானது, பழங்காலச் சின்னங்களும் இயற்கை எழிலும் ஒருங்கே...’

இது பள்ளிக்கூடத்துப் பூகோளம். இதையும் அடித்தேன். சண்டையிலிருந்து தொடங்கினால்தான் வண்டி நகரும் என்று தோன்றியது. ஆகவே, விடிகாலையில் ஜீப்பில் ஏறும்போதே ஃபக்ருன்னிசா புருஷனிடம் சொன்னது:

“இந்த மலையில எதையாச்சும் ஒண்ணப் பாத்து ‘நல்லாக்கீது’ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னா ஆலங்காயம் ரோட்டுல எறங்கி நம்ம வூட்டுக்குப் போலாம். இல்லன்னா போளூர் ரோட்டுல வுட்ருங்க. எங்க அத்தா வூட்டுக்குப் போய்க்கிறேன்.”

“இன்னா ஃபக்ரு, வேடிக்க பாக்கப் போறோம். காலங்காத்தால இப்டி...”

“வேடிக்கதான். நானும் அதத்தான் பாக்கப் போறேன்.”

வேடிக்கை பார்க்கப் போகிறவள் மடியில் டிரங்குப் பெட்டி இருந்தது.

3

புருஷன் பெயர் கலீல். தோல் வியாபாரி. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டுமே, அதற்காக வருஷம் தவறாமல் ஜவ்வாது மலை ஏறுகிறவன். மலையில் எந்த மரம் எத்தனை மூட்டை காய்க்கும் என்று சொல்வான். மலை எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிப்பான்.

பத்து வயதில் மண்டியில் உட்கார்ந்தவன். தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “உப்பு பத்தல”, “உண்ணி கடிச்சிக்கீது”, “கத்தி பட்டுக்கீது” என்று சொல்லக் கற்றவன். கற்றது வீட்டிலும் வந்தது. பிரியாணியில் உப்பு கம்மி. பெருநாள் புடவையில் கரை ஜாஸ்தி. அவள் சிரித்தால் சத்தம் ஜாஸ்தி.

(இவனை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பிரதியில் கல் நெஞ்சக்காரனாகவே எழுதிவிட்டேன். படித்துக் காட்டியதும் குப்பன் தோசையை வைத்துவிட்டான். “தப்பு சார். அந்தம்மாக்கு ஜொரம் வந்தப்ப டாக்டர கூட்டினு வர்றதுக்கு வேலூருக்கும் வூட்டுக்கும் நாய் மாதிரி ஓடினவரு. வாய்தான் மண்டி. மனுசன் நல்லவரு.” திருத்திவிட்டேன்.)

4

முதலில் பார்த்தது கல்வீடுகள். நாலு பக்கமும் பாறைப் பலகையை நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடியவை. ஆள் குனிந்தாலும் நுழைய முடியாத உயரம். குள்ள மனிதர்கள் குடியிருந்தார்கள் என்று மலைக்காரர்கள் சொல்கிறார்கள். எந்த ராஜாவுக்கும் முந்தியவை.

கலீல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “பேஷ். ரொம்ப நல்லாக்கீது,” என்றான். திரும்பி ஜீப்பைப் பார்த்து நடந்தான்.

ஃபக்ருன்னிசாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்தது பத்தடி தூரம் நிலைத்தது.

“நில்லுங்க. இது செல்லாது.”

“ஏன் செல்லாது? நீ கேட்ட வார்த்ததான?”

“வேணாத சரக்குக்குச் சொல்ற ‘பேஷ்’ இது. எனக்கே கத குடுக்கறீங்களா?”

அவளும் தோல் தரகரின் மகள். ஆகவே வாசகருக்கு நான் விளக்க வேண்டியது அவளுக்குத் தெரிந்திருந்தது. மண்டியில் வாங்க நினைக்கிற சரக்குக்குத்தான் நொட்டை சொல்வார்கள். வாங்கப் போவதில்லை என்றால் எதற்கு வாயைக் கெடுத்துக்கொள்வது? ‘பேஷ், நல்ல சரக்கு’ என்று விற்பவன் மனசைக் குளிர்வித்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள்.

5

அருவிக்கு ஜீப் போகாது. நடைதான். சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு குப்பனும் பின்னால் போனான்.

ஆனி மாதம், மழை இன்னும் பிடிக்கவில்லை. கருத்த பாறையின் மேலிருந்து இறங்கிய தண்ணீர், பாதி வழியில் துருத்திக்கொண்டிருந்த கல்லில் மோதி இரண்டாகப் பிரிந்து, கீழே மறுபடியும் ஒன்றாகி விழுந்தது. (வர்ணனை இவ்வளவுதான் கட்டுப்படியாகும். இன்னும் வேண்டுமென்றால் மேலே அடித்துப் போட்ட பட்டாடை கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.)

கலீல் நின்றுவிட்டான். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தான். ஃபக்ருன்னிசா அருவியைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்தாள்.

“அகலம் பத்தல,” என்றான் கலீல். “நடுவுல வேற கத்தி பட்டுக்கீது.”

“கத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல சாயபு. அது கல்லு.”

குரல் பாறைக்கு மேலிருந்து வந்தது. வேடியப்பன். மேல்சரிவில் கேழ்வரகு போடுகிறவர். போன வருஷம் இதே கலீல் இதே மாதிரி தலையைச் சாய்த்து அவருடைய கடுக்காய் மரத்தைப் பார்த்தான், நொட்டை சொன்னான், குத்தகைக்கு எடுத்தான். மலைக்கு வருகிற கீழ்நாட்டான் ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டுக் குறை சொன்னால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

“ஐப்பசில வந்து பாருங்க. அந்தக் கல்லே தெரியாது.”

“இப்ப இன்னா ஐப்பசியா?”

“ஆனில வந்து அருவிய எட போடறீங்களே, அது ஞாயமா?”

“சத்தந்தான் ஜாஸ்தி. சரக்கு கம்மி.”

“சத்தத்துக்குத் தனியா காசு கேக்கல சாயபு.”

“இன்னா சொல்ற?” என்று கேட்டுவிட்டான் கலீல். வாய் தானாகக் கேட்டது.

“வருசத்துக்குப் பன்னெண்டரை. நாங்க குடிக்கிறது, மாடு குடிக்கிறது கழிச்சிக்கணும்.”

“ஆறு.”

(அருவியைக் குத்தகைக்கு விட முடியாது என்று வேடியப்பனுக்குத் தெரியாதா? நானும் கேட்டேன். “தெரியாம இன்னா சார்? எடுக்க முடியாதுன்னு நம்ம மொதலாளிக்குத் தோணலியே, எதுவரைக்கும் போறாருன்னு பாத்துனு இருந்தாரு,” என்றான் குப்பன்.)

ஆறு என்ற சொல் காதில் விழுந்ததும் ஃபக்ருன்னிசா திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

“தங்கச்சிக்கு வெல கட்டல போலக்கீது,” என்றார் வேடியப்பன். பிறகு கலீலின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கீழ ரோடு பிரியற எடத்துல எம்பொண்டாட்டி பலாப்பழம் வெச்சினு குந்தினு இருப்பா, பெரியம்மான்னு பேரு. அத்தயாச்சும் வாங்கினு போங்க சாயபு.”

6

ஜீப் இறங்கியது. பின்சீட்டில் டிரங்குப் பெட்டி மட்டும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தரம் பேசியது.

“தண்ணி கம்மியா இருந்திச்சி, கம்மின்னு சொன்னேன்,” என்றான் கலீல் கடைசியில்.

“வேணும்னுதான் நொட்ட சொன்னீங்க. தெரியும்.”

“தெரியுதில்ல?”

“அருவி தெரியும். பிரியாணி தெரியும், பொடவ தெரியும், நான் சிரிக்கிற சத்தமும் தெரியும். நானும் தரகர் பொண்ணுதான்.” அவள் பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். “வாங்கறதுக்கு முன்னாடி நொட்ட சொல்வாங்க, செரி. நிக்காஹ் முடிஞ்சி வூட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சி. வாங்கின சரக்குக்கு இன்னும் எதுக்குங்க பேரம்?”

மண்டியில் கலீலிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, உள்ளே போய், மறுபடி வந்தது. (இது என் கலப்படம். தொண்டை கண்ணாடியில் தெரியாது.)

பிறகு அவன் தோளிலிருந்த துண்டை எடுத்தான். வலது கையின் மேல் போட்டு, கையை அவள் பக்கம் நீட்டினான்.

துண்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சந்தையில் நாலு பேர் எதிரில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அழுத்தி விலை சொல்வார்கள். எத்தனை விரல் என்பது அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும்.

ஃபக்ருன்னிசா துண்டையே பார்த்தாள். பிறகு அதற்குள் கையை விட்டாள்.

துண்டு அசைந்தது. அவள் இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி அசைந்தது. மறுபடியும் தலையாட்டினாள். மூன்றாம் தரம் அசைந்து நின்றது. கை வெளியே வரவில்லை.

“எத்தனை விரல், குப்பா?”

“மேலதான் துண்டு கீதே சார்.”

“அவள் முகம் எப்படி இருந்தது? அதையாவது சொல்.”

“அங்க ஒரு வளைவு. ரோட்டப் பாக்க வாணாமா?”

கதை எழுதுகிறவன் நினைத்தால் துண்டை விலக்கிப் பார்க்கலாம். அந்த உரிமை எனக்கு உண்டு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் விலக்க மாட்டேன். அடுத்தவன் துண்டைத் தூக்கிப் பார்த்தவனை மறுநாள் மண்டிக்குள் விட மாட்டார்கள்.

7

முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: கலீல் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, மலையைப் பார்த்துக் கைகளை விரித்து, ‘நல்லாக்கீது, நல்லாக்கீது’ என்று உரக்க... வேண்டாம். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: ரோடு பிரிகிற இடத்தில் அவள் இறங்கிக்கொள்ள, ஜீப் கிளப்பிய புழுதியில் அவன்... “அப்டி ஒண்ணும் நடக்கல சார். தோசைய துன்னுட்டு பொய் சொல்ல மாட்டேன்.”

நடந்தது இது. ரோடு பிரிகிற இடத்தில் குப்பன் வேகத்தைக் குறைத்தான். “எந்தப் பக்கம் மொதலாளி?” புளியமர நிழலில் பெரியம்மாள் பலாப்பழங்களோடு உட்கார்ந்திருந்தாள். கலீல் நிறுத்தச் சொன்னான். இறங்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான்.

“எவ்ளோம்மா?”

“ஒண்ணார் ரூபா சாயபு.”

குப்பன் இன்ஜினை அணைத்தான். கலீல் பேரம் என்றால் பெட்ரோல் வீணாகக் கூடாது.

“நல்லாக்கீது,” என்றான் கலீல். ஒன்றரை ரூபாயை எடுத்து நீட்டினான்.

பெரியம்மாள் காசை வாங்கவில்லை. அவனையே பார்த்தாள். “இன்னா சாயபு, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?”

“பழத்தைப் பார்த்துத்தானே சொன்னார்?” என்று நான் குப்பனைக் கேட்டேன்.

“பழம் வண்டிக்கு வெளிய, தரையில கெடந்திச்சி சார். அவரு பார்வ எங்கண்ணாடியில வுழுந்திச்சி. எங்கண்ணாடியில பழம் தெரியாது.”

அப்புறம்தான் குளறுபடி. ஃபக்ருன்னிசா சொன்னாள்: “போளூருக்கு வுடுப்பா.”

போளூரில், அவள் அத்தா வீட்டு வாசலில், இரண்டு பேரும் இறங்கினார்கள். டிரங்குப் பெட்டியைக் கலீல் தூக்கிக்கொண்டான், பலாப்பழத்தை அவள் தூக்கிக்கொண்டாள். “நீ போய்டு,” என்றான் கலீல். கதவு மூடியது.

பெட்டியை அவளோடு விட்டுவிட்டு வரப் போனானா? மாமனார் எதிரில் அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்லப் போனானா? குப்பனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது. ஆனால் போட்ட முதலைக் காட்டிலும் ஆசை அதிகமாகப் போகக் கூடாது. இனி இது உங்கள் துண்டு, கையை விட்டுப் பாருங்கள். என் பங்குக்குக் கணக்கை ஒப்படைக்கிறேன்.

அருவி ஒன்று: சொன்னது பன்னிரண்டரை, கேட்டது ஆறு. படியவில்லை. சரக்கு மலையிலேயே இருப்பு.

கல்வீட்டுக்குக் கொடுத்த ‘பேஷ்’ ஒன்று: செல்லாது. தள்ளுபடி.

பலாப்பழம் ஒன்று: ஒன்றரை ரூபாய். ரொக்கம், பேரமில்லை.

‘நல்லாக்கீது’ ஒன்று: பழத்தின் பெயரில் எழுத மனம் வரவில்லை. தனியே நிற்கிறது.

குப்பனுக்கு: தோசை இரண்டு, டீ ஒன்று, கண்ணாடிக்காக இன்னொரு டீ. பைசல்.

துண்டுக்கு அடியில் விரல்: ......

வாசகர் பெயரில் பாக்கி.