பத்து வரை எண்ணிய கை

1

முப்பத்தெட்டு ரூபாய் ஏழணா. லாரி முதலாளி விருத்தாசலத்துக்குப் பூமாலை கொடுக்கவேண்டியிருந்த கடன் அவ்வளவு. அதில் அவன் கைநீட்டி வாங்கினது ஒரு தம்பிடிகூட இல்லை. அந்தத் தொகை பல வருஷமாக என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கிவைக்கத்தான் இந்தக் கதை. நான் கல் சுமந்த ஆள். எழுத்துக் கூட்டப் பழகினது நாற்பதைத் தாண்டித்தான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

சித்திரை வெயிலில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஒரு லாரி சிங்கம்போல —

அடித்துவிட்டேன். கரி லாரி அப்படிப் புகை கக்காது. சிங்கம்போல வரவும் வராது. கூடவே போன நானே இப்படி எழுதினால் நன்றாகவா இருக்கும்?

2

சண்டைக்காலம். 1943. பெட்ரோல் கிடைக்கவில்லை. லாரிக்குப் பின்னால் இரும்புப் பீப்பாயை நிறுத்தி, அதில் கரியை எரித்து, வருகிற வாயுவில் இஞ்சினை ஓட்டினார்கள். எங்கள் லாரி பெருமுக்கல்லில் கல் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வழியாக விழுப்புரம் போகும். அது போதாதென்று பின்னால் ஓர் இழுவைவண்டி, அதிலும் கல். கரிவாயுவுக்கு இருக்கிற தெம்புக்கு அந்தப் பாரம் ரொம்ப அதிகம். மேடு வந்தால் இஞ்சின் கொதித்துவிடும்.

சூடு காட்டுகிற மீட்டர் முள் எப்போதோ செத்துவிட்டது. டிரைவர் அமீர் பாட்சா இறங்கிப் பார்க்கவும் முடியாது. மிதியிலிருந்து காலை எடுத்தால் இஞ்சின் நின்றுபோகும், திரும்பக் கிளப்ப அரைமணி ஆகும். அதனால் சூடு பார்ப்பது பூமாலை வேலை. அவன்தான் பீப்பாய்க்குக் கரி போடுகிறவன். ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் குதித்து ஓடி, ரேடியேட்டர் தலையில் உள்ளங்கையை வைத்து எண்ணுவான். பத்து வரை தாங்கினால் போகலாம். ஐந்திலேயே கையை எடுத்தால் புளியமரத்தடியில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.*

"எத்தினிடா?"

"பத்து, பாய்."

(இங்கே ஒன்று சொல்லவேண்டும். பூமாலையின் பெண்டாட்டி செண்பகம் அம்மை கண்டு போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம். பிள்ளை இல்லை. பாரம் ஏற்றுகிற நாங்கள் ஏழு பேரும் இழுவைவண்டியில் கல்மேல் கும்பலாக உட்கார்ந்து வருவோம். அவன் மட்டும் பீப்பாயோரம் தனியாக நிற்பான். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அவனைப் பார்த்து ஒரு மனுஷன் கேட்கிற கேள்வி அந்த ஒன்றுதான்.)

* ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பீர்கள். ஏழு என்றால் டிரைவர் ஒரு பீடி குடிக்கிற நேரம் நிற்கவேண்டும்.

3

மாசி மாசத்தில் ஒருநாள் பூமாலை கையை வைத்து எண்ணினான். பத்து வந்தது. பதினைந்து வந்தது. உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதிப்பது காதுக்குக் கேட்கிறது, கைக்குத் தெரியவில்லை. பீப்பாய் மூடியை வெறுங்கையால் திறந்து திறந்து உள்ளங்கை மரத்துப்போயிருந்தது.

அன்றிலிருந்து சத்தத்தையும் வாடையையும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொன்னான். "ஆறு, பாய்." "எட்டு, பாய்." இரண்டு மாசம், ஒருநாளும் தப்பவில்லை.

ஏன் மறைத்தான்? 'வேலை போய்விடும் என்று பயந்து' என்று எழுதிவைத்தேன். பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் பாதி ஆள்தான் தெரிகிறான்.

4

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ஒரு மேடு. உச்சி வெயில்.

"ஜல்தி சொல்லுய்யா! பேருதான் பூமாலை, பொணத்துமேல போட்ட மாலையாட்டம் நின்னுக்கினு இருக்கிற. எத்தினி?"

"பத்து, பாய்."

பாதி மேட்டில் ஆவி பீறிட்டது. "தண்ணி! தண்ணி ஊத்துடா!" என்று அமீர் பாட்சா கத்தினான். கொதிக்கிற இஞ்சினில் பச்சைத்தண்ணீர் விடக்கூடாது, கை பொறுக்கிற அளவு ஆறின பிறகுதான் விடவேண்டும். அந்தக் கைதான் இல்லையே. பூமாலை தகரத்தைக் கவிழ்த்தான். உள்ளே 'டப்' என்று இரும்பு விரிசல் விட்டது.

அமீர் பாட்சா இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துத் திருப்பினான். எரிகிற பீடியை உள்ளங்கையில் வைத்தான். பூமாலை அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எப்பலேர்ந்துடா?"

"மாசிலேர்ந்து."

"அடப்பாவி, ஏண்டா வாயத் தொறக்கல?"

"சொல்லிட்டா, அப்பறம் நீங்க என்னை என்னாதான் கேப்பீங்க பாய்?"

5

இதுவரை நான் கல்மேல் சும்மா உட்கார்ந்து வந்ததுபோல எழுதிவிட்டேன். அது சரியில்லை.

"பூமாலை, நெருப்புடா!" என்போம். அவன் பீப்பாயிலிருந்து கரிக்கங்கு ஒன்றை வெறுங்கையில் எடுத்துவந்து நீட்டுவான். நாங்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு கைதட்டுவோம். "சர்க்கஸ்ல சேத்து உட்டுடலாம்டா இவனை!" என்றது நான். அதே கைதான் சூடு பார்க்கிறது என்று ஒருத்தனுக்கும் — இல்லை, எனக்குத் தோன்றியது. ஒருதரம் தோன்றியது. அடுத்த பீடி பற்றவைத்தேன்.

விழுப்புரம் லாரிக் கொட்டகையில் முதலாளி விருத்தாசலம் கேட்டார். "இவன் கை செத்தது யாருக்காவது தெரியுமாடா?"

ஏழு பேரும் தரையைப் பார்த்தோம்.

இஞ்சினுக்கு ஆன செலவு முழுக்கப் பூமாலை பேரில் ஏறியது. ஆறணாக் கூலியில் தினம் இரண்டணா பிடித்தம்.

6

முடிவு ஒன்று: "எத்தினின்னு கேட்டவன் நானு. பாதிய என் பேர்ல எழுதுங்க மொதலாளி" என்று அமீர் பாட்சா முன்னே வருகிறான். எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. நல்ல மனுஷன்தான். கோட்டக்குப்பத்தில் அவனுக்கு ஐந்து பிள்ளை.

முடிவு இரண்டு: கும்பலிலிருந்து நான் எழுந்து, "எனக்குத் தெரியும் மொதலாளி, நான்தான் —

(மூன்று நாளாக இந்த வரியிலேயே நிற்கிறேன்.)

நடந்தது இது. லாரிக்குப் புது மீட்டர் வந்தது. பூமாலையைக் கல் சுமக்கப் போட்டார்கள். எங்களோடு கல்மேல் உட்கார்ந்து வந்தான். வெட்கத்தில் நாங்கள் நெருப்புக் கேட்பதையும் விட்டுவிட்டோம். அதனால் அவனிடம் யாரும் எதுவுமே கேட்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு நாள் பிடித்தம் ஆனது. மறுநாள் வரவில்லை. அதற்கும் மறுநாளும் வரவில்லை. பாக்கி பதினோரு ரூபாய் பதினைந்தணா.

ஒரு மாசம் பார்த்துவிட்டு முதலாளி கணக்குப்பிள்ளை சீனுவாசனிடம், "ஆளைக் காணோம், அடிச்சுடு" என்றார். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. கோடு போட்டதை மட்டும் பார்த்தேன்.

கடன் அதோடு போயிற்று. ஆள் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. கண்டமங்கலம் பக்கம் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான், நான் போய்த் தேடவில்லை. அதனால் முடிவு எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவனை எந்த ஊரில் வேண்டுமானாலும் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிற இடமாகப் பார்த்து வையுங்கள். அவனோடு பேசுகிற ஆளாக.